சுத்தியலாரும் ஏழாம் உத்திரமும்

செவ்வாய்க்கிழமை காலையில் அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வெறுங்கதவைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். அன்றைக்கு அவர் பாலத்துக்கு அடியில் இருப்பார். இருபத்தைந்து வருஷமாக இந்த வழக்கம் மாறியதில்லை. காய்ச்சல் என்றாலும் சரி, மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்றாலும் சரி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார். ஏணியைச் சாய்ப்பார். பாலத்தைத் தாங்குகிற பதினான்கு இரும்பு உத்திரங்களையும் ஒரு சின்னச் சுத்தியலால் ஒன்று விடாமல் தட்டிக் கேட்பார். அதற்கப்புறம்தான் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படும். அதனால் ஊரில் அவருக்குச் சுத்தியலார் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் படைப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்குகிறது. அவர் மனைவியே கோபம் வந்தால், "இந்தச் சுத்தியலைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

தட்டினால் என்ன தெரியும் என்று கேட்காதவர்கள் இல்லை. நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கோளாறு இருக்கிற இரும்பு தொக்கென்று வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய இடது காது சுத்தமாகக் கேட்காது. படையில் இருந்தபோது பாறை உடைக்க வைத்த வெடி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வெடித்ததில் அந்தக் காது போயிற்று. ஆக, மிச்சமிருந்த ஒற்றைக் காதை நம்பித்தான் இந்த ஊரே பாலத்தில் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு இது தெரியும். தெரிந்தும் யாரும் கவலைப்படவில்லை.

பாலம் முன்னாள் படைவீரர் சங்கத்துடையது. பாலத்துக்கு முன்னால் அது ஒரு சங்கமா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். கடைவீதிக்குப் பின்னால் ஒரு நீள அறை, கால் ஆடுகிற மேஜை, அழுக்கேறிய இரண்டு சீட்டுக்கட்டு. பணி முடித்துவந்த பதினோரு பேர் சாயங்காலமானால் அங்கே கூடி, பழைய சண்டைகளை மறுபடி மறுபடி போட்டு ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எதிரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். வீட்டில் அவர்கள் மனைவிமார் நிம்மதியாக இருந்தார்கள் என்பதைத் தவிர, ஊருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்போதுதான் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து பழைய பாலத்தை வாரிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அக்கரையில். சுற்றிப் போனால் நான்கு மைல். நகராட்சியில் கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போன கோப்புக்குக் கீழே வரும் வழி மறந்துவிட்டது போலிருக்கிறது. இதற்கிடையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, கட்டிலோடு தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் ஓடினார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கும் முன்பே போய்விட்டது.

கட்டிலைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர் நெட்டை. ஆறடி மூன்று அங்குலம். அவர் பக்கம் கட்டில் எப்போதும் உயர்ந்தே இருக்கும் என்பதால் மற்ற மூன்று பேரும் திட்டிக்கொண்டேதான் ஓடினார்களாம். நெட்டையும் சுத்தியலாரும் ஒரே படைப்பிரிவு, பாலம் போடுகிற பிரிவு. ஒரே கூடாரத்தில் ஒன்பது வருஷம் படுத்து எழுந்தவர்கள். மறுநாள் சாயங்காலம் நெட்டை சங்கத்துக்கு வந்தார், மேஜையில் கிடந்த சீட்டுக்கட்டு இரண்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதுல ஆறு பேரு பாலம் போட்டே தலை நரைச்சவனுங்க. நம்ம ஊருல பாலம் இல்லாம ஒரு குழந்தை செத்துப்போச்சு. நாம இங்க உக்காந்து ராணிக்கும் ராஜாவுக்கும் கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கோம். வெக்கமா இல்லையாடா?"

வெட்கமாகத்தான் இருந்தது. எழுபது நாளில் பாலம் நின்றது. படைக் கிடங்கில் கழித்துப்போட்ட பழைய இரும்பை விண்ணப்பம் எழுதி வாங்கிவந்தார்கள். ஆளுக்கொரு வேலை. இரும்பைச் சோதிப்பது நெட்டையின் வேலை. அவர்கள் பிரிவில் அதற்கு ஒரு விதி இருந்தது. எந்த உத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தாலும் அதில் சிவப்பு வர்ணத்தால் ஒரு வட்டம் போடவேண்டும். அதை மாற்றிய பிறகு, மாற்றியவன் தன் கையாலேயே அந்த வட்டத்தை அழிக்கவேண்டும். அதுவரைக்கும் ஆண்டவனே வந்தாலும் வட்டத்தைத் தொடக்கூடாது. நெட்டை போடுகிற வட்டம் ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை. ஒரு பக்கம் கூம்பி, முட்டை மாதிரிதான் வரும்.

"என்னடா இது, கோழி மறந்துட்டுப் போச்சா?" என்பார் சுத்தியலார்.

"இரும்பு சரியில்லன்னு தெரியுதுல்ல? அப்புறம் உனக்கு எதுக்குடா அழகு?" என்பார் நெட்டை.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால், கடைசிச் சோதனை என்று காலையிலேயே தனியாகப் பாலத்துக்கு அடியில் போன நெட்டை, மத்தியானம் மேலே ஏறிவந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை. திறக்காத பாலத்தின் மேலேதான் அவரைத் தூக்கிக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்தப் பாலத்தில் முதலில் போனவர் அவர்தான். உயிரோடு திரும்பி வரவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் விடியற்காலையில் சுத்தியலார் பச்சை வர்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். கூட வந்தவர்களைத் துரத்திவிட்டார். "இது நான் அவனுக்குச் செய்யறது. யாரும் கிட்ட வராதீங்க" என்றார். பாலத்தின் அடிப்பக்கம் முழுக்க ஒற்றை ஆளாக, சத்தம் போட்டு அழுதுகொண்டே பூசி முடித்தார். கண்ணீரில் தூரிகை போன இடம் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் விழாவுக்கு முன் அவரே வர்ணம் பூசினார். படைக்குப் போய்வந்தவர்களிடம் இது ஒரு வியாதி. விசேஷம் என்று காதில் விழுந்தால் போதும், அசையாமல் நிற்கிற எதையும் வர்ணம் பூசாமல் விடமாட்டார்கள்.

பாலம் வந்தபிறகு சங்கத்தின் தலையெழுத்தே மாறியது. வீட்டுக்குள் பாம்பு என்றால் சங்கத்துக்கு ஆள் ஓடிவரும். எங்காவது தீப்பிடித்தால் வண்டி வருமுன் வாளியோடு சங்கத்தார் நிற்பார்கள். ரத்தம் வேண்டுமா, யாருக்கு எந்த வகை என்ற பட்டியல் சுவரில் தொங்கும். எந்த அலுவலகத்துக்கு எந்தப் படிவம் என்று தெரியாதவர்களுக்கு அந்த ஆடுகால் மேஜைதான் கதி. பதினோரு பேர் நாற்பது பேரானார்கள். பழைய பதினோரு பேரில் ஒவ்வொருவராகப் போய், சுத்தியலாரும், படுக்கையில் ஆள் அடையாளம் தெரியாமல் கிடக்கிற ஒரு பற்றவைப்புக்காரரும்தான் மிச்சம்.

இனி கதைக்கு வருவோம். இருபத்தைந்தாம் வருஷ விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சுத்தியலார் வழக்கம்போல் தட்டிக்கொண்டு வந்தார். ஒன்று கணீர். இரண்டு கணீர். ஆறு வரைக்கும் வம்பில்லை. ஏழாவதில் சுத்தியல் விழுந்தது, சத்தம் வரவில்லை. வலது காதை இரும்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

தொக்.

ஏணியை நகர்த்தி இந்தப் பக்கமிருந்து தட்டினார், அந்தப் பக்கமிருந்து தட்டினார். எட்டாவதைத் தட்டிவிட்டு ஏழுக்குத் திரும்பி வந்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் நகம்தான் உடைந்தது. இருபத்தைந்து பூச்சு வர்ணம் போர்வை மாதிரி மூடிக்கொண்டிருந்தது. அப்போது தலைக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ஓடின. சுத்தியலாருக்கு ஏணியிலேயே வேர்த்துக் கொட்டியது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தவர் கை வைக்கவில்லை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"எனக்கில்ல. பாலத்துக்கு."

"கட்டின பொண்டாட்டிக்கு ஜுரம் வந்தப்ப இப்படி ஒரு நாள் சாப்பிடாம இருந்திருப்பீங்களா?" என்று மனைவி ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "எவ்வளவு மோசம்?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியவில்லை என்றார். தெரியாததுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் சங்கத்தில் விஷயத்தைச் சொன்னார். தலைவர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஏழு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்குக் குடிவந்தவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு வேலையைத் திட்டம் போட்டுவிட்டால் சூரியனே அவரிடம் அனுமதி கேட்டுத்தான் உதிக்கவேண்டும். அழைப்பிதழ் போயாகிவிட்டது. நாற்பது உறுப்பினர்களும் சீருடைப் பதக்கங்களோடு பாலத்தின் மேல் அணிவகுத்துப் போவதாக ஏற்பாடு.

"பாலத்துல ஏறும்போது வழக்கம்போல கால் மாத்தி நடந்துக்கலாம். ஒரே காலா அடிக்கவேண்டாம். அப்புறம் என்ன?" என்றார் தலைவர்.

"நடக்கவே கூடாது சார். இன்னைக்கே மூடணும்."

"எதை வச்சுச் சொல்றீங்க? விரிசலைப் பாத்தீங்களா?"

"பாக்கல. கேட்டேன்."

"எந்தக் காதால?"

அறை முழுக்கச் சிரித்தது. சுத்தியலாருக்குக் காதும் முகமும் சிவந்து போனது. கையைத் தூக்கச் சொன்னார் தலைவர். விழா முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது. நாற்பது வருஷம் கட்டளைக்குக் கட்டுப்பட்ட மனிதர் எழுந்து நின்று, "பாலத்துக்கு நான் பொறுப்புன்னு நகராட்சியில என் கையெழுத்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை பாலத்தின் இந்த முனையில் குறுக்கே ஒரு சங்கிலி, அதில் ஒரு சிவப்புத் துணி, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு சுத்தியலார். அந்த முனையில் அதேபோல் சங்கிலி. காவலுக்கு அவர் மனைவி. சும்மா சொல்லக்கூடாது, வாயால் மட்டும் சண்டை போடுகிற பெண்பிள்ளை இல்லை அவள். ஏழாம் உத்திரத்தில் விதிப்படி ஒரு சிவப்பு வட்டத்தையும் அவர் போட்டுவைத்திருந்தார்.

ஊர் என்ன பேச்சுப் பேசியது! பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன உங்க அப்பன் வீட்டுப் பாலமா?" என்றார். நேற்றுவரைக்கும் வணக்கம் வைத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் நடந்தார்கள். வயசானால் சிலருக்கு இப்படித்தான், யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று ஏதாவது பண்ணுவார்கள் என்று காதுபடவே சொன்னார்கள். கேட்காத காதுப் பக்கமாக நின்று சொன்னால் தேவலை. அந்தப் புண்ணியம்கூட யாரும் கட்டிக்கொள்ளவில்லை.

எட்டரை மணிக்கு நெட்டையின் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் துணி தைக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போனபின் சங்கம் வாங்கிக்கொடுத்த வேலை. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பாலத்தில் போய், அந்தப் பாலத்தில் வந்து, இரண்டு மகன்களை ஆளாக்கியவள். வந்த வேகத்தில் சங்கிலியைத் தூக்கிவிட்டுக் குனிந்தாள்.

"தங்கச்சி, போகாத."

"எனக்கு நேரமாச்சுண்ணா."

"ஒருத்தரும் போகக்கூடாதும்மா."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அவரு கட்டின பாலம் இது. என்னையா நிறுத்தறீங்க?"

அவர் சங்கிலியை விடவில்லை. அவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நாலு மைல் சுற்றுவழியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஊரே திட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் தலைவர் வந்தார். கையில் சுரண்டும் தகடு. ஆத்திரத்தில் காலணியைக்கூடக் கழற்றாமல் ஆற்றில் இறங்கினார்.

"வாங்கய்யா, வந்து காட்டுங்க உங்க விரிசலை. இல்லேன்னா இன்னைக்கே சங்கிலியை நான் அவிழ்ப்பேன்."

இரண்டு ஏணி வைத்து இரண்டு பேரும் சுரண்டினார்கள். பச்சை போனால் அதற்கடியில் இன்னொரு பச்சை. பத்தாம் வருஷத்துச் சாம்பல் நிறம், ஐந்தாம் வருஷத்துக் கரும்பச்சை என்று உரிந்து உரிந்து தண்ணீரில் விழுந்தது. கடைசிப் பூச்சு வந்தபோது தலைவரின் கை நின்றது. இரும்பின் ஓரத்திலிருந்து குறுக்காக, விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. தகட்டின் முனையை உள்ளே விட்டுப் பார்த்தார். போய்க்கொண்டே இருந்தது.

தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. "நாப்பது பேரை இது மேல கூட்டிட்டுப் போக இருந்தேனே" என்றார். ஏணியிலிருந்தபடியே கையை நீட்டி சுத்தியலாரின் தோளைப் பிடித்தார். "மன்னிச்சுக்கங்க. உங்க ஒத்தைக் காது ஊரையே காப்பாத்தியிருக்கு. விழா மேடையில எல்லார் முன்னாடியும் நான் இதைச் சொல்லப்போறேன்."

சுத்தியலாரின் கண் விரிசலில் இல்லை. விரிசலைச் சுற்றிக் கடைசிப் பச்சைக்கு அடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். சிவப்பு வளைந்து போனது. அவசர அவசரமாகச் சுரண்டினார். அவர் புதன்கிழமை போட்ட வட்டம் அல்ல அது. அது மேல் பூச்சோடு எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. இது எல்லாவற்றுக்கும் அடியில், வெறும் இரும்பின் மேல் இருந்தது.

"என்ன அது, தயாரிச்ச கம்பெனி முத்திரையா?" என்று கேட்டார் தலைவர்.

"முட்டை சார்" என்றார் சுத்தியலார். அதற்குமேல் நிற்கமுடியாமல் ஏணியிலிருந்து இறங்கி, இடுப்புவரை தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தலைவருக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசி நாள் காலையில் நெட்டை தனியாகக் கீழே போனது, மேலே வந்து பேசமுடியாமல் உட்கார்ந்தது, இவர் யாரையும் கிட்டவிடாமல் அழுதுகொண்டே பூசியது எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னைக்கு மயிரிழை மாதிரிதான் இருந்திருக்கும், என் சுத்தியலுக்கு இத்தனை வருஷம் எட்டல, அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. மாத்துடான்னு சொல்லிட்டுப் போயிருக்கான் சார். அவன் கடைசியாச் சொன்னது அதான். அது மேலயே வர்ணத்தைப் பூசிட்டு, அவனுக்கு மரியாதை செஞ்சேன்னு இருபத்தஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியவேண்டாம்" என்றார் தலைவர். "உத்திரத்தை மாத்திடலாம். சங்கத்து மேல ஊரு வச்சிருக்கிற நம்பிக்கை இருக்கே, அது போச்சுன்னா திரும்ப வராது. உங்க பேரும் போகும். இத்தனை வருஷம் உழைச்சது எல்லாம் போகும்."

அது பொய்யில்லை என்று சுத்தியலாருக்கும் தெரியும். அன்று மத்தியானம் முழுக்கச் சங்கிலிப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். விரிசல் விஷயம் ஊருக்குப் பரவிவிட்டது. பால்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாயில புழு வைக்கணும் ஐயா" என்றார். திட்டியவர்களெல்லாம் வரிசையாக வந்து கும்பிடாத குறையாகப் பேசினார்கள். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் முள்ளாகத் தைத்தது அவருக்கு. சும்மா இருந்தால் போதும், செத்த பிறகும் ஊர் அவர் பெயரைச் சொல்லும். நெட்டை பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். அதை நினைக்கையில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வேலை முடிந்து சுற்றுவழியில் களைத்து வந்த நெட்டையின் மனைவி வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேடிப்போன சுத்தியலார் உள்ளே போகவில்லை, நின்றபடியே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, தன் பக்கம் நியாயம் எதுவும் சேர்க்கவும் இல்லை.

அவள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"அதுல எம்பிள்ளைங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"மழையில, காத்துல, ஓடிக்கிட்டுப் போனாங்க."

"ஆமா."

"நீங்க போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிரவே சுத்தியலார் சங்கத்திலும் சொல்லிவிட்டார். தலைவர் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை இந்த முறை. யாரோ ஒருவர் மட்டும், "அழுதுகிட்டுப் பூசினா யாருக்குத்தான் கண்ணு தெரியும்?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதற்கப்புறம் ஐந்து நாள் நாற்பது பேரும் வீட்டை மறந்தார்கள். பட்டறையில் புது உத்திரம் அடித்து வாங்கிவந்தார்கள். முட்டுக் கொடுத்து, கப்பியும் சங்கிலியும் கட்டிப் பழையதை இறக்கினார்கள். எழுபது வயசுக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவரையொருவர் படை பாஷையில் திட்டிக்கொண்டு வேலை செய்ததைப் பார்க்க ஊரே கரையில் கூடியது. எல்லா உத்திரங்களையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிப் பார்த்தார்கள், வேறெதிலும் பழுதில்லை. நெட்டையின் மனைவி தினமும் சுற்றுவழியிலேயே போனாள், வந்தாள். கரைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. சுத்தியலார் அவள் போகிற நேரத்துக்கு ஒரு தடவை, வருகிற நேரத்துக்கு ஒரு தடவை கையிலிருக்கிற வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்.

விழாவுக்கு முந்தின நாள் காலை புது உத்திரத்தின் கடைசி போல்ட்டை முறுக்கியாயிற்று. சுத்தியலார் தட்டினார். கணீரென்றது. பழைய உத்திரம் கரையில் குப்புறக் கிடந்தது, சிவப்பு முட்டை மேலே தெரியும்படி. தலைவருக்கு ஒரு யோசனை. அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நெட்டையின் ஞாபகமாகச் சங்கச் சுவரில் மாட்டிவிடலாம், கீழே நடந்ததை முழுசாக எழுதிவைக்கலாம் என்றார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. சுத்தியலாருக்கும் பிடித்திருந்தது.

அப்போது கூட்டம் விலகியது. நெட்டையின் மனைவி, தோளில் வேலைக்குப் போகிற பையோடு சரிவில் இறங்கி வந்தாள். உத்திரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு விரலால் சுற்றிவந்தாள். கூம்பிய இடத்துக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கடைசி வரைக்கும் ஒழுங்கா ஒரு வட்டம் போடத் தெரியல இந்த மனுஷனுக்கு."

சுத்தியலார் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "இதை வெட்டியெடுத்து சங்கத்துல வைக்கலாம்னு சொல்றாங்க. நீ என்னம்மா சொல்ற?"

"மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாத்தினதும் மாத்தினவங்க கையாலயே வட்டத்தை அழிக்கணும்னு அவரு வீட்டுல சொல்லுவாரே. அது உங்க விதிதானே?"

"ஆமா. ஆனா இது அவன் கை..."

"அவரு சொன்ன வேலை முடிஞ்சிருச்சு. தாமதமாத்தான் முடிஞ்சது. அஞ்சு நாளா நடந்து நடந்து அதைத்தான் யோசிச்சேன். அவரு இருந்தா உங்களை நல்லாத் திட்டியிருப்பாரு, அப்புறம் அழிடான்னுதான் சொல்லியிருப்பாரு. முடிஞ்ச வேலைக்கு எதுக்குண்ணா வட்டம்? அழிங்க."

யாரோ கம்பி பிரஷை நீட்டினார்கள். சுத்தியலார் வாங்கினார். முதல் இழுப்பு இரும்பின் மேல் படவே இல்லை. அவள் தன் தையல்காரக் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினாள். இரண்டு பேருமாகத் தேய்த்தார்கள். சிவப்பு தூளாகி மணலில் விழுந்தது; கொஞ்ச நேரத்தில் வெறும் இரும்பும் விரிசலும்தான் இருந்தது. அவர் குழந்தை மாதிரி அழுதார். நாற்பது பேரில் பாதிப் பேர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் எழுந்து புடவையில் ஒட்டிய தூளைத் தட்டினாள். "மணி என்ன?" என்று கேட்டாள். எட்டரை என்றார்கள். "ஐயோ, நேரமாச்சு" என்று சரிவில் ஏறிப்போய், சங்கிலிக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அவிழ்த்து விடுங்கண்ணா."

சுத்தியலார் ஏறிப்போய்ச் சிவப்புத் துணியைக் கழற்றினார், சங்கிலியை அவிழ்த்தார். அவள் நடக்க ஆரம்பித்ததும் அவசரமாகக் கீழே இறங்கி, ஆற்றுக்குள் ஓடி, ஏழாம் உத்திரத்துக்கு நேர் கீழே போய் நின்று வலது காதை மேலே திருப்பினார். தலைக்கு மேல் அவளுடைய செருப்புச் சத்தம் வந்தது, ஏழைக் கடந்தது, அக்கரைக்குப் போனது. அதுவரைக்கும் அவர் மூச்சு விடவில்லை.